ராவ் 4 ஹைபிரிட்: திருமலைக்கு எடுப்பவர்கள் கீழே குனிந்து பார்த்து எடுங்கள்

கண்டியிலோ குருநாகலிலோ இருப்பவர் ஹைபிரிட் ஜீப் எடுப்பது வேறு, திருகோணமலையில் இருப்பவர் எடுப்பது வேறு. அங்கே ஏறி இருந்து, ஏசியைப் போட்டு, ஒரு சுற்று ஓடிப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும். இங்கே கடல் காற்று இரும்பைத் தின்னும். அதனால் எங்கள் ஊருக்கு வாகனம் எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பக்கத்தை. நாலு சில்லும் இயங்கும் ஹைபிரிட் என்றால் அதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

நாங்கள் எடுத்தது டொயோட்டா ராவ் 4 ஹைபிரிட் (பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்தது), ஃபோர்வீல். 2022ஆம் ஆண்டு வண்டி. ஜப்பானில் ஓடியது, 2025இல் வாகன இறக்குமதி திறந்த பிறகு இங்கே வந்தது. ஒரு மாரியைப் பார்த்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் இது தேவை என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன். உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். தம்பலகாமத்தில் மாமனார் விட்டுப்போன வயல் இருக்கிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வருத்தத்தோடு மாமி. மாமியைக் கண்டிக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டும். பெரும்போகத்தில் வயலுக்குப் போக வேண்டும். விடுதிக்கு வருபவர்களின் பெட்டிகளையும் சில வேளை ஏற்ற வேண்டும். பழைய வேனில் இவ்வளவும் நடந்தது, ஆனால் மழை விழுந்தால் வயலுக்குப் போகும் கிரவல் பாதையில் அது நின்றுவிடும். பிறகு உழவு இயந்திரக்காரரைக் கூப்பிட வேண்டும்.

ஹைபிரிட் ஏன் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை மறந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? கியூஆர் குறியைக் காட்டி எரிபொருளை அளந்து வாங்கும் முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர். கண்டிக்கு ஒருமுறை போய்வந்தால் பழைய வேனுக்கு அது காணாது. அடுத்த வாகனம் ஒரு லீற்றரில் எவ்வளவு தூரம் போகும் என்பதைத்தான் முதலில் பார்ப்பது என்று அந்த வரிசையில் நின்றபோதே நானும் கணவரும் பேசி முடித்துவிட்டோம்.

சரி, எந்த ஹைபிரிட்? விற்பவர்கள் "ஃபோர்வீல்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பின்சில்லுக்குச் சக்தி எப்படிப் போகிறது, எவ்வளவு போகிறது என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். டொயோட்டாவின் இ-ஃபோர் முறையில் முன்னாலிருந்து பின்னுக்குப் போகும் நீளமான தண்டே கிடையாது. பின்சில்லுகளுக்குத் தனியாக ஒரு மின்மோட்டார் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கேபிள் வழியாகப் போகிறது. அந்த மோட்டாரின் பலம் வண்டிக்கு வண்டி மாறும். யாரிஸ் குரொஸில் அது வெறும் 3.9 கிலோவாட். ராவ் 4இல் 40. புதிய நிசான் எக்ஸ்-ட்ரெயில் இ-பவரிலும் புதிய மிட்சுபிஷி அவுட்லாண்டர் பீஹெச்ஈவியிலும் (வீட்டில் சார்ஜ் போடக்கூடிய ஹைபிரிட்) 100. எல்லாவற்றையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். யாரிஸ் குரொஸில் அந்தப் பின்மோட்டார் ஈரமான தரையில் சறுக்காமல் புறப்பட உதவும், அதற்கு மேல் சேற்றில் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. டவுனுக்குள் ஓடுபவருக்கு அதுவும் நல்ல வாகனம்தான், சிறியது, பெற்றோலும் மிகக் குறைவாகக் குடிக்கும். எங்கள் வயல் பாதைக்குக் காணாது.

ஹொண்டா வெசலை விரைவாகவே விட்டுவிட்டோம். பின்னால் மாமியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் நெருக்கம், மாமியின் மடிக்கும் நாற்காலியை வைத்தால் பெட்டிக்கு இடமில்லை.

அவுட்லாண்டரை ஓட்டிப் பார்த்தபோது கணவருக்கு இறங்க மனமில்லை. சத்தமே இல்லை, மிதித்ததும் பாய்கிறது, மூன்று வரிசை இருக்கை. 20 கிலோவாட்-மணி பற்றரி என்பதால் வீட்டில் சார்ஜ் போட்டால் டவுன் ஓட்டம் முழுக்கப் பெற்றோல் இல்லாமலே நடக்கும். கூரையில் சூரியப் பலகை வைத்திருக்கும் வீட்டுக்காரர் இதைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் மனதாரச் சொல்வேன். எங்கள் விடுதிக்கு ஏற்கெனவே மின்கட்டணம் பெரிய சுமை. அதோடு அது இரண்டு தொன்னைத் தாண்டும் கனமான வண்டி. மணலில் கனம்தான் முதல் எதிரி.

எக்ஸ்-ட்ரெயில் இ-பவர்தான் கடைசிவரை போட்டியில் நின்றது. அதில் சில்லுகளைச் சுழற்றுவது முழுக்க மின்மோட்டார்தான், 1.5 லீற்றர் பெற்றோல் இயந்திரம் மின்சாரம் உண்டாக்க மட்டும். பின்மோட்டார் ராவ் 4ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் பலம். ராவ் 4 போன்ற ஹைபிரிட்டுக்கு வரி இங்கே இயந்திரத்தின் சீசீயை வைத்துப் போகிறது. அதன் 2.5 லீற்றருக்கு நிறையவே கொடுக்கிறோம். இவ்வளவு இருந்தும் ஏன் எடுக்கவில்லை? அந்த இயந்திரம் ஓடும்போதே அமுக்க விகிதத்தை மாற்றும் டர்போ வகை. அதைத் திறந்து வேலை செய்தவர் எங்கள் ஊரில் நான் விசாரித்த வரையில் இல்லை. டொயோட்டா ஹைபிரிட் என்றால் பிரியஸ், அக்வா காலத்திலிருந்து கைபழகிய பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். மாமியை ஏற்றிக்கொண்டு ஹபரணைக் காட்டுக்குள் ஒரு விளக்கு எரிந்தால் யாரைக் கூப்பிடுவேன் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. கொழும்பில் இருந்திருந்தால் எக்ஸ்-ட்ரெயில் எடுத்திருப்போம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

டொயோட்டாவின் ஹாரியரா ராவ் 4ஆ என்பது வீட்டுச் சண்டை. இரண்டும் உள்ளே ஒரே வண்டி: அதே 2.5 லீற்றர் இயந்திரம், அதே 40 கிலோவாட் பின்மோட்டார். ஹாரியர் அழகு, அதை மறுக்கவே முடியாது. ஆனால் பின்பக்கம் சரிந்து இறங்குவதால் பொருள் வைக்கும் இடம் 409 லீற்றர்தான். ராவ் 4இல் 580. மடிக்கும் நாற்காலி, இரண்டு பெரிய பெட்டி, ஒரு மூட்டை நெல் விதை, இவ்வளவும் கதவு மூடப் போகும். அதோடு சண்டை முடிந்தது.

இனி நான் ஆறுதலாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்: உப்பு.

ஜப்பானில் நாலு சில்லு இயங்கும் வாகனத்தை அதிகம் வாங்குவது யார்? பனி கொட்டும் ஊர்க்காரர்கள். ஹொக்கைடோ, அவோமோரி, நீகாட்டா பக்கம் குளிர்காலத்தில் வீதி உறையாமல் இருக்க உப்பு கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடிப்பக்கம் முழுக்கத் தெறிக்கும். அதனால் இரண்டு சில்லு மட்டும் இயங்கும் வண்டியைவிட ஃபோர்வீல் வண்டிகளில்தான் துருப்பிடித்த அடிப்பக்கத்தை நீங்கள் காண வாய்ப்பு அதிகம். அதை வாங்கிக்கொண்டு வந்து நிலாவெளிக் கடற்கரையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒக்ஷன் ஷீற்றை, அதாவது ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதித் தரும் தாளை, எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் கிலோமீற்றரையும் மேலே இருக்கும் தரப் புள்ளியையும்தான் பார்க்கிறார்கள். அதில் எஸ் என்ற எழுத்து இருந்தால் துரு. சி என்றால் துரு உள்ளே அரித்துவிட்டது என்று அர்த்தம். கீழே ஜப்பானிய மொழியில் கையால் எழுதிய குறிப்பு இருக்கும். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். அடிப்பக்கத் துருவை அங்கேதான் எழுதுவார்கள். வண்டி எந்த ஏல நிலையத்தில் விற்கப்பட்டது என்பதையும் பாருங்கள். நாங்கள் எடுத்தது நாகோயாப் பக்கம் விற்ற வண்டி. வண்டிகள் ஊர் விட்டு ஊர் போய் விற்கப்படுவதும் உண்டு, ஆகவே கண்ணால் பார்ப்பதை இது ஈடு செய்யாது.

முதலில் பார்த்த ராவ் 4ஐ நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. கொழும்பில் ஒரு விற்பனை நிலையம், பெயர் வேண்டாம். வெள்ளை முத்து நிறம், உள்ளே புது வாசனை, ஷீற்றில் 4.5. ஊரிலிருந்து எங்கள் மெக்கானிக் தம்பியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அவர் வந்ததும் கதவைக்கூடத் திறக்கவில்லை. ஒரு கார்ட்போர்ட் மட்டையைப் பின்சில்லுக்குப் பக்கத்தில் விரித்து, டோர்ச்சோடு கீழே போய்விட்டார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அக்கா, இதக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்கோ" என்றார்.

பின் அச்சைத் தாங்கும் இரும்புச் சட்டம் முழுக்கக் கறுப்பு மை அடித்திருந்தது. பளபளவென்று, புதிதாக. அவர் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு மூலையைச் சுரண்டினார். மை ஓடாகக் கழன்று விழுந்தது. அதற்குள் செம்மஞ்சள் தூள். பக்கத்திலே போல்ட்டின் தலை பாதி கரைந்து, எந்தச் சாவியும் பிடிக்காத உருண்டையாகியிருந்தது. விற்பவர் "ஜப்பான் வண்டி என்றால் அப்படித்தான் மிஸ்" என்றார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை, வந்துவிட்டோம்.

இன்னொரு இடம் இருக்கிறது, ராவ் 4 இ-ஃபோர் வண்டியில் கட்டாயம் பார்க்க வேண்டியது. பின்மோட்டாருக்குப் போகும் செம்மஞ்சள் நிறத் தடித்த கேபிள், மோட்டாரில் செருகும் மூட்டு. அது வண்டியின் அடியில், தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவில் 2019க்குப் பிந்திய சில ராவ் 4 ஹைபிரிட்களில் குளிர்கால வீதி உப்பு அந்த மூட்டுக்குள் இறங்கி அரித்து, பெரிய செலவு வைத்தது. ஆயிரக்கணக்கான டொலர். டொயோட்டா அங்கே அந்தப் பகுதிக்கு உத்தரவாதக் காலத்தை நீட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த உத்தரவாதம் இங்கே நமக்குக் கிடையாது.  எங்கள் வண்டியிலும் அதைப் பார்க்கச் சொன்னேன். மூட்டைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் படிந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அது உயர் மின்னழுத்தக் கேபிள். வெளியிலிருந்து பார்ப்பது மட்டும்தான் நம் வேலை. கழற்ற வேண்டுமென்றால் ஹைபிரிட் பழகியவர் பற்றரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை எடுத்து, 10 நிமிடமாவது விட்டு, கையுறையோடு செய்ய வேண்டும்.

எங்களுடையதில் மூட்டு சுத்தமாக இருந்தது. சட்டத்தில் மை அடிக்காத, மங்கிய பழைய கறுப்பு. வெல்டிங் ஓரங்களில் மட்டும் மெல்லிய துரு. "இது நேர்மையான துரு அக்கா" என்றார் தம்பி. நாங்கள் முற்பணம் கட்டியது அந்தச் சொல்லுக்குத்தான். வேனை விற்ற காசும் லீசிங்குமாக எடுத்தோம்.

இனி ஓட்டம். திருமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போகும்போது, 70ஐத் தாண்டாமல் போனால், லீற்றருக்கு 18 பக்கம் கிடைக்கிறது. ஏசி எப்போதும் ஓடும், ஐந்து பேர். ஜப்பான் கணக்கில் இந்த ஃபோர்வீல் வகைக்கு 20.6 என்று போட்டிருக்கிறார்கள். நம் வெயிலுக்கு 18 எனக்குத் திருப்தி. 92 ஒக்டேனே போதும், ஜப்பானில் இது சாதாரண பெற்றோலுக்குச் செய்த இயந்திரம்தான். தாங்கியில் 55 லீற்றர் பிடிக்கும். கண்டிக்குப் போய்வந்து மிச்சத்தில் பல நாள் பள்ளிக்கூட ஓட்டமும் ஓடும். ஏற்றத்தில் இயந்திரம் உறுமும், மாத்தளைக்கு மேலே அது நன்றாகவே கேட்கிறது. அவுட்லாண்டரின் அமைதி இதில் இல்லை.

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பொழுது சாய்ந்தால் ஆனை நிற்கும், எல்லோருக்கும் தெரியும். அங்கே ஹைபிரிட் எனக்குப் பெரிய நிம்மதி. தூரத்திலேயே நிறுத்தினால் இயந்திரம் தானாக நின்றுவிடும், பின்னுக்கு எடுக்கும்போதும் பெரும்பாலும் சத்தமே வராது. பழைய டீசல் வேனின் இரைச்சலோடு அங்கே நின்றிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

வயல் பாதையில் இந்த வண்டி தன் காசைச் சம்பாதித்துவிட்டது. பெரும்போக விதைப்புக்குப் பிறகு மழை பிடித்தால் தம்பலகாமத்துக் களிமண் சவர்க்காரமாகிவிடும். ட்ரெயில் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் சும்மா சுழலும் சில்லைப் பிரேக் பிடித்து, பிடிமானம் உள்ள சில்லுக்குச் சக்தியைத் தள்ளும். வேன் நின்ற அதே வாய்க்கால் ஓரத்தில் மெதுவாக, பக்கவாட்டில் கொஞ்சம் வழுக்கி, ஆனால் நிற்காமல் ஏறியது. அடித்தரைக்கும் நிலத்துக்கும் இடையில் 190 மி.மீ. உயரம் இருக்கிறது. உழவு இயந்திரம் போட்ட ஆழமான தடத்தில் அது காணாது. தடத்துக்கு நடுவில் உள்ள மேடு அடியில் உரசும். தடத்தை விட்டு ஒரு பக்கம் ஏறி ஓட்டப் பழக வேண்டும்.

மணல் வேறு கதை. நிலாவெளியில் இறுகிய மணலில், புறாத்தீவுக்குப் படகு ஏறும் இடத்துக்குக் கிட்டப் போய்த் திரும்பலாம். காலடி புதையும் மணலுக்குள் இறக்காதீர்கள். 40 கிலோவாட் தொடங்கித் தள்ளிவிடும், தொடர்ந்து உழ அதற்குப் பலம் போதாது. ஃபோர்வீல் என்ற நம்பிக்கையில் இறக்கிவிட்டுப் படகுக்காரர்களை இழுக்கக் கூப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். டயர் இதில் பாதி. வந்தபோது இருந்த தேய்ந்த ஜப்பான் டயரை உடனே மாற்றினோம். சேற்றில் தெரிந்த வித்தியாசம் பெரிது.

வெள்ளத்துக்கும் இதை நம்பக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது வண்டியை வெளியே எடுக்கவே இல்லை. ஹைபிரிட் பற்றரி பின் இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. நாலு சில்லு தண்ணீரில் ஒன்றும் செய்யாது.

அந்தப் பற்றரிக்கு மூச்சு விடும் துவாரம் பின் இருக்கையின் அடி முகப்பில், பிள்ளைகளின் குதிக்காலுக்கு நேரே இருக்கிறது. இதை எத்தனை பேர் கவனிக்கிறார்களோ தெரியாது. காற்று அதன் வழியாகப் போய்த்தான் பற்றரியைக் குளிர வைக்கிறது. உள்ளே தூசி பிடிக்கும் ஒரு வடி இருக்கிறது. கடலுக்குப் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றினேன். மணல், முறுக்குத் தூள், மாமியின் தலைமுடி, எல்லாம் பஞ்சுபோல ஒட்டியிருந்தது. இப்போது கடற்கரைக்குப் போனால் அங்கே ஒரு துவாயை முன்னால் தொங்கவிடாமல் கால் தட்டும் இடத்தில் மட்டும் விரிக்கிறேன், ஏனென்றால் துவாரத்தை மூடினாலும் பற்றரி சூடேறும். வடியை அடிக்கடி தூரிகையால் தட்டி எடுக்கிறேன். இந்த வெயில் ஊரில் பற்றரியின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

சின்னச் சின்னது சில. பின்னால் 1500 வாட் மின்செருகி இருக்கிறது என்று விற்பவர் பெருமையாகக் காட்டினார். அது ஜப்பானின் 100 வோல்ட். நம் 230 வோல்ட் கேத்தலோ விசிறியோ அதில் ஓடாது, அதற்காக ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அகலம் 1855 மி.மீ.; கோணேஸ்வரத்துக்குப் போகும்போது பிரெட்ரிக் கோட்டை வாசலில் எதிரே முச்சக்கரவண்டி வந்தால் நின்று வழிவிட வேண்டும். மாமிக்கு ஏறுவது நல்ல உயரம், குனியவும் வேண்டாம், எட்டிப் பிடித்து ஏறவும் வேண்டாம். கண்டியில் இறங்கும்போது அவர் முகம் சுளிக்காதது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது.

கடற்கரைப் பக்கம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுகிறோம், குழாயின் சாதாரண வேகத்தில். அழுத்தப் பம்பை அந்தக் கேபிள் மூட்டுக்கு நேரே பிடிக்க விடாதீர்கள். மாரிக்கு முன் சட்டங்களுக்குத் துருத் தடுப்பு மெழுகு அடித்தோம். கேபிளுக்கும் மூட்டுக்கும் மேலே அடிக்கவில்லை, பிறகு அங்கே என்ன நடக்கிறதென்று தெரியாமல் போய்விடும்.

வயலும் இல்லை, கிரவல் பாதையும் இல்லை, பள்ளிக்கூடம், சந்தை, கோயில், வருடத்தில் சில தடவை கொழும்பு என்றால் இதே ராவ் 4இன் இரண்டு சில்லு வகையைத் தேடுங்கள். பின்மோட்டாரும் இல்லை, அதன் கேபிளும் இல்லை. ஜப்பானில் பனி இல்லாத ஊரில் ஓடியிருக்கவும் வாய்ப்பு அதிகம். என் தங்கை டவுனுக்குள்தான் இருக்கிறாள், அவளுக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் பார்க்கப் போகிறாள், மெக்கானிக் தம்பியிடம் இப்போதே நாள் கேட்டு வைத்துவிட்டேன்.